கல்லூரி லேபிலிருந்து தான்சானியா வரை: முதல் மேப்பத்தான் நடத்துவது எப்படி?

"சார், ஐநாவில் வேலை செய்யணும்னா என்ன படிக்கணும்?" ஒவ்வோர் ஆண்டும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர வரும் பிள்ளைகளில் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார். படிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம், சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் லேபுக்கு வா என்று சொல்லி அனுப்புவேன். அந்தச் சனிக்கிழமையை உங்கள் ஊரிலும் நடத்த வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட் வேண்டாம், நன்கொடை திரட்ட வேண்டாம், இணையம் உள்ள ஒரு அறையும் பதினைந்து பிள்ளைகளும் இருந்தால் போதும்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். உலகத்தில் எத்தனையோ கிராமங்கள் வரைபடத்தில் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. தட்டம்மை ஊசி போடப் போகும் குழுவுக்கு அங்கே எத்தனை வீடுகள், எந்தப் பாதையில் போவது என்று தெரியாது. எத்தனை குப்பி மருந்து எடுத்துப் போவது என்ற கணக்கே அங்கே இடிக்கும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீட்டையும் பாதையையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் வரைந்து கொடுப்பதுதான் நம் வேலை. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்தை உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சில நாட்களிலேயே இப்படி வரைந்தார்கள். ஹாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனிதநேய வரைபடக் குழு அந்த ஆண்டில்தான் முறைப்படி அமைப்பானது. 2014இல் அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஹாட்டுடன் சேர்ந்து 'மிஸ்ஸிங் மேப்ஸ்' திட்டத்தைத் தொடங்கின. பலர் ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்து வரைவதற்குப் பெயர் மேப்பத்தான்.

படி 1: ஆள் சேர்ப்பது

புதிதாகக் குழு தொடங்க வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்டம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், ஊர் வாசகசாலை இளைஞர்கள் என்று ஏற்கெனவே இருக்கும் குழுவே நல்லது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை இருக்கிறதே, இந்த வேலையையும் அதில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று திட்ட அலுவலரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

முதல் தடவை பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். பெரிய அரங்கில் இருநூறு பேரை உட்கார வைத்தால் போட்டோ நன்றாக வரும், வரைபடம் நன்றாக வராது. கணினித் துறையில் மட்டும் ஆள் எடுக்காதீர்கள். வரலாறு, தமிழ், விலங்கியல் என்று கலந்து எடுங்கள். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகளைக் கட்டாயம் சேருங்கள். ஏன் என்று படி 5இல் தெரியும்.

படி 2: ஒரு வாரம் முன்பே செய்ய வேண்டியவை

ஓபன்ஸ்ட்ரீட்மேப் கணக்கை ஒவ்வொருவரும் வீட்டிலேயே தொடங்கி, மின்னஞ்சலில் வரும் உறுதி இணைப்பையும் அழுத்தி முடித்துவிட்டு வரட்டும். எங்கள் முதல் மேப்பத்தானில் எல்லோரும் லேபில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கணக்குத் தொடங்கினோம். பாதிப் பேருக்கு உறுதி மின்னஞ்சல் வரவில்லை, வந்தவர்களில் சிலருக்கு மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. முக்கால் மணி நேரம் அதிலேயே போயிற்று.

கணக்கின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். போன் நம்பர், பிறந்த ஆண்டு இவற்றைப் பெயரில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள், பெண் பிள்ளைகளிடம் தனியாகவும் ஒருமுறை சொல்லுங்கள்.

லேபில் ஒவ்வொரு கணினிக்கும் மவுஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினியின் டச்பேடில் இரண்டு மணி நேரம் வரைந்தால் விரல் ஓய்ந்துவிடும். கைபேசி வேண்டாம்.

படி 3: வேலையைத் தேர்ந்தெடுப்பது

ஹாட்டின் டாஸ்கிங் மேனேஜர் தளத்துக்குப் போய், ஓபன்ஸ்ட்ரீட்மேப் கணக்கிலேயே உள்ளே நுழையுங்கள். நூற்றுக்கணக்கான வேலைகள் வரிசையாக இருக்கும். தொடக்க நிலைக்கு உரியதாக, கட்டடங்களை மட்டும் வரையச் சொல்வதாக ஒன்றைத் தேடுங்கள். பாதை, ஆறு எல்லாம் அடுத்த கூட்டத்துக்கு.

தேர்ந்தெடுக்கும் முன் யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று விளக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். அது பிள்ளைகளுக்குச் சொல்ல முடிந்த காரணமாக இருக்க வேண்டும். நாங்கள் முதலில் எடுத்தது வடக்குத் தான்சானியா. அங்கே மாரா பகுதியில் பெண் உறுப்புச் சிதைப்புக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடும் சிறுமிகளைக் காப்பாற்ற உள்ளூர்ப் பெண்கள் பாதுகாப்பு இல்லம் நடத்துகிறார்கள். பள்ளி மூடியிருக்கும் டிசம்பர் விடுமுறையில்தான் ஆபத்து அதிகம். இரவில் ஒரு சிறுமியிடமிருந்து செய்தி வந்தால், அந்த ஊருக்குப் பாதை தெரிய வேண்டும். 2015 முதல் அந்தப் பாதைகளையும் வீடுகளையும் தன்னார்வலர்கள் வரைந்து வருகிறார்கள். இதைச் சொல்லி முடித்ததும் லேபில் யாரும் போனைத் தொடவில்லை.

படி 4: வரைவது

புரொஜெக்டரில் நீங்கள் ஒரு வீட்டை வரைந்து காட்டுங்கள். வேலைப் பகுதி சதுரம் சதுரமாகப் பிரிந்திருக்கும். ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு அது அவருக்கே, வேறு யாரும் அதைத் தொட முடியாது. சதுரத்தை எடுத்ததும் ஐடி (iD) எடிட்டர் என்ற வரையும் கருவி திறக்கும். பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம்.

விசைப்பலகையில் 3 என்ற எண்ணை அழுத்தினால் பரப்பு வரையும் கருவி வரும். கூரையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு சொடுக்கு, கடைசி மூலையில் இரட்டைச் சொடுக்கு. இடப்பக்கம் வரும் பட்டியலில் கட்டடம் என்று தேர்ந்தெடுங்கள். அப்புறம் 'கியூ' விசை: கோணலாக இருந்த மூலைகள் செங்கோணமாக நிமிரும். குடிசை வட்டமாக இருந்தால் சுற்றிலும் ஐந்தாறு புள்ளி வைத்து 'ஓ' விசையை அழுத்துங்கள், அழகான வட்டமாகிவிடும். இந்த மூன்று விசைகளைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். வேறு எதுவும் முதல் நாளில் தேவையில்லை.

பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒருமுறை சேமிக்கச் சொல்லுங்கள், நம் ஊர் மின்சாரத்தை நம்பி ஐம்பது வீடு வரை காத்திருக்கக் கூடாது. சேமிக்கும்போது குறிப்புப் பெட்டியில் தானாக வந்திருக்கும் திட்ட எண்ணை அழிக்க வேண்டாம்.

விளக்கத்தில் சொன்ன செயற்கைக்கோள் படத்தை மட்டும் பயன்படுத்துங்கள். சந்தேகத்துக்குக் கூகுள் மேப்பைத் திறந்து பார்த்து எழுதுவது உரிம விதிப்படி கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைதான் முதலில் செய்யும்.

படி 5: வீடு எது, வீடு இல்லாதது எது

எல்லோரும் தடுமாறும் இடம் இது. மேலிருந்து பார்த்தால் பாறையும் வீடு, புதரும் வீடு, வைக்கோற்போரும் வீடு.

எங்கள் கூட்டத்தில் இரண்டு மாணவர்கள் ஒரு வட்டத்தைப் பெரிய குடிசை என்று வரைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த வரலாற்றுத் துறை மாணவி எட்டிப் பார்த்துவிட்டு, "அது வீடில்லண்ணா, பட்டி" என்றார். அவர் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நடுவுல தரை கறுத்திருக்கு பாருங்க சார், சாணமும் புழுக்கையும் கிடந்து கிடந்து அப்படி ஆகும். ஒரு பக்கம் மட்டும் வேலி விட்டிருக்கு, அதுதான் வாசல். முக்கியமா, இதுக்கு நிழலே இல்ல."

அன்றிலிருந்து நான் சொல்லிக்கொடுப்பது அவர் சொன்னதைத்தான். கூரை உயரத்தில் இருப்பதால் ஒரு பக்கம் நிழல் விழும். படத்தில் எல்லா வீட்டுக்கும் நிழல் ஒரே திசையில்தான் இருக்கும். நிழல் இருந்தால், அடுத்து அதற்கு ஒற்றையடிப் பாதை போகிறதா என்று பாருங்கள். ஆள் புழங்கும் வீட்டு வாசல் தேய்ந்து வெளுத்திருக்கும். வைக்கோற்போருக்கும் நிழல் உண்டு, ஆனால் அதன் விளிம்பு பிசிறாக இருக்கும், வாசல் தேய்ந்திருக்காது. அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் வரையாமல் விட்டுவிட்டு, சதுரத்தின் குறிப்பில் எழுதுங்கள். இல்லாத வீட்டைத் தேடி ஒரு சுகாதாரப் பணியாளர் வெயிலில் நடக்கக் கூடாது.

படி 6: சரிபார்ப்பது

எத்தனை வீடு வரைந்தோம் என்று போட்டி வைக்காதீர்கள். நாங்கள் வைத்தோம், வென்றவர் வரைந்ததில் பாதியைத் திருத்த வேண்டியிருந்தது. அடிக்கடி வரும் தவறுகள்: அடுத்தடுத்த இரண்டு வீட்டை ஒன்றாக வரைவது, வேலியோடு சேர்த்து முழு வளவையும் கட்டடமாக்குவது, வீட்டின் மூலையைப் பாதையோடு ஒட்டவிடுவது.

சதுரத்தில் ஒரு வீடு விடாமல் முடித்திருந்தால் மட்டும் 'முடிந்தது' என்று கொடுக்க வேண்டும். பாதியில் கிளம்புகிறவர் 'இல்லை' என்று கொடுத்துச் சதுரத்தை விடுவிக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடிந்த சதுரங்களை அனுபவம் உள்ளவர்கள் பிறகு சரிபார்ப்பார்கள். சிலவற்றைத் திருப்பி அனுப்புவார்கள். அந்தச் செய்தியைப் படித்து மனம் விட்டுப்போகும் பிள்ளைகளோடு நீங்கள் உட்கார்ந்து, சொன்னதைச் சேர்ந்தே திருத்துங்கள். எங்கள் குழுவில் இன்று தொடர்ந்து வரைகிறவர்களில் பலர் அப்படித் திருத்தி வந்தவர்கள்தான்.

படி 7: இரண்டாவது கூட்டம்

இரண்டாவது கூட்டத்தின் தேதியை முதல் கூட்டம் கலையும் முன்பே சொல்லிவிடுங்கள். மாதம் ஒருமுறை, இரண்டு மணி நேரம் போதும். நன்றாக வரைகிறவர் இருவருக்குச் சரிபார்க்கக் கற்றுக்கொடுங்கள். மூன்று, நான்கு கூட்டம் நின்று நடந்தால் யூத்மேப்பர்ஸ் வலையமைப்பில் கல்லூரிக் கிளையாகச் சேரலாம். 2015இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில தொடங்கிய அமைப்பு அது, இப்போது பல நாட்டுக் கல்லூரிகளில் கிளை உண்டு.

அப்படியே ஒரு கூட்டத்தை உங்கள் ஊருக்காக வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம், அடிபம்பு, ரேஷன் கடை, மழைக்கு மூழ்கும் தரைப்பாலம் எல்லாவற்றையும் பிள்ளைகள் நடந்து போய்க் குறித்து வரட்டும். 2015 சென்னை வெள்ளத்தில் எந்தத் தெரு மூழ்கியது என்று மக்களே குறித்த வரைபடத்துக்கு அடித்தளமாக இருந்தது இதே ஓபன்ஸ்ட்ரீட்மேப்தான்.

இன்னொன்று. நாம் வரைவது கூரையின் வடிவம் மட்டும்தான். அது பள்ளியா, கடையா, யார் ஊர் என்பதெல்லாம் அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும், அவர்கள்தான் பெயரைச் சேர்ப்பார்கள். அதனால் சில வாரம் கழித்து, தாங்கள் வரைந்த அதே சதுரத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த வரலாற்றுத் துறை மாணவி அப்படித் திறந்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். பட்டிக்கு வடக்கே அவர் வரைந்திருந்த மூன்று நீளக் கட்டடங்களின் மேல் யாரோ பெயர் எழுதியிருந்தார்கள்: ஷூலே யா ம்சிங்கி. சுவாஹிலியில் ஆரம்பப் பள்ளி. அவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, அடுத்த சதுரத்தை எடுத்தார்.