கறிவேப்பிலைச் செடியில் வண்ணத்துப்பூச்சி: பிள்ளைகளோடு வளர்த்துப் பார்ப்பது எப்படி?

வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் கொழுந்தை ஏதோ கடித்திருக்கிறதா? மருந்து அடிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பாடப்புத்தகத்தில் நான்கு படமாக இருக்கும் முழு உருமாற்றத்தை, ஒரு மாத காலத்தில் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

முதலில் முட்டையைத் தேடுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, இந்த மூன்றிலும் கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற இரண்டு வகை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். குண்டூசித் தலை அளவில், வெளிர் மஞ்சளாக, இளம் இலையில் ஒன்றொன்றாக ஒட்டியிருக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான். அதைப் பார்க்க லென்ஸ் இருந்தால் நல்லது.

அப்புறம் வீடு. வாயகன்ற பாட்டில், அடியில் செய்தித்தாள், மேலே கொசுவலைத் துணியும் ரப்பர் பேண்டும். இலைக்கொத்தைச் சிறு குப்பித் தண்ணீரில் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழு தண்ணீரில் விழுந்துவிடும். ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். தினமும் தாளை மாற்றி, புது இலை வைக்க வேண்டும்.

கடையில் வாங்கிய கறிவேப்பிலை மட்டும் வேண்டவே வேண்டாம். நாங்கள் ஒருமுறை நன்றாகக் கழுவித்தான் போட்டோம், ஆனாலும் மறுநாள் காலையில் இரண்டு புழுவும் சுருண்டு கிடந்தன, என் மகள் அன்று முழுக்க அழுதாள். இலையில் பூச்சிமருந்து இருந்திருக்க வேண்டும். மருந்து படாத செடி இல்லையென்றால் புழுவைச் செடியிலேயே விட்டுப் பாருங்கள்.

குட்டிப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பறவைகளை ஏமாற்றத்தான். நான்காவது முறை தோலுரித்ததும் பச்சையாகிவிடும், அந்த நாளைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பை நீட்டும், நெடியும் அடிக்கும். ஒரே ஒரு முறை தொட்டால் போதும், அதற்கு மேல் துன்புறுத்த வேண்டாம்.

நோட்டில் மூன்றே விஷயம்: தேதி, ஸ்கேல் வைத்து அளந்த நீளம், ஒரு படம். வகுப்பில் என்றால் நாளுக்கு ஒரு பெஞ்சுக்குப் பொறுப்பு கொடுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் புழு தின்பதை நிறுத்திவிட்டு அலையும். அப்போது பாட்டிலை நகர்த்தாதீர்கள். குச்சியில் ஏறி, இடுப்பில் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். சுற்றியிருப்பதைப் பொறுத்துப் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். பத்து நாள் போல ஆனதும் ஓட்டுக்குள் இறக்கையின் நிறம் தெரிந்தால், அடுத்த நாள் காலையிலேயே எழுந்து காத்திருங்கள். வெளியே வந்ததும் இறக்கை கசங்கியிருக்கும், அது விரிந்து காய ஓரிரு மணி நேரம் ஆகும், யாரும் உதவப் போகக்கூடாது. சொட்டும் நிறநீர் ரத்தமில்லை, கழிவுதான். நன்றாகக் காய்ந்ததும் வெயிலில் செடியருகே விடுங்கள். எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற இயற்கை ஆர்வலர்களின் இணையதளத்தில் ஏற்றினால் இனம் கண்டுபிடிக்க உதவி கிடைக்கும்.

சில கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராது, கூடு கறுத்து ஒரு ஓட்டை மட்டும் இருக்கும். புழுவாக இருந்தபோதோ கூடு கட்டிய உடனேயோ ஒட்டுண்ணிக் குளவி அதில் முட்டையிட்டிருக்கும். அதைத் தூக்கிப்போட்டு மறைக்காதீர்கள். என் மகள் குளவிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் படம் வரைந்தாள்.