சப்ளை போட்டிலிருந்து தளத்துக்குச் சரக்கு தூக்குவது எப்படி?

மும்பை ஹை போன்ற கடல் எண்ணெய்த் தளங்களில் கிரேன் நிலையாக நிற்கும், சரக்கு இருக்கும் போட்தான் ஆடும். கரையில் படித்த கணக்கு பாதிக்குத்தான் உதவும். ஹெல்மெட், பெர்மிட் எல்லாம் முடிந்தது என்றே தொடங்குகிறேன்.

படி 1: லோட் சார்ட், அதாவது எவ்வளவு தூரத்தில் கிரேன் எவ்வளவு எடை தூக்கும் என்ற அட்டவணை. தளத்துக்குள் தூக்க ஒரு சார்ட், போட்டிலிருந்து தூக்க அலை உயரத்துக்கு ஏற்ப வேறு சார்ட். மாற்றிப் பார்த்துவிடாதீர்கள். போட் விலகினால் ரேடியஸ் (கிரேன் மையத்திலிருந்து ஹூக் வரையிலான கிடைமட்டத் தூரம்) கூடும், தூக்கும் திறன் குறையும். அதனால் போட் போகக்கூடிய கடைசி தூரத்துக்குரிய எண்ணைப் பாருங்கள். ஹூக் பிளாக் (கொக்கியும் அதன் கப்பியும்) எடையைக் கழிக்க வேண்டுமா என்பது சார்ட்டின் அடிக்குறிப்பில் இருக்கும்.

படி 2: ஸ்லிங், அதாவது சரக்கை ஹூக்கில் மாட்டும் கயிறு அல்லது சங்கிலி. 4 டன் சரக்கு, இரண்டு கால் ஸ்லிங். கால் கிடைமட்டத்திலிருந்து 60° என்றால் ஒரு காலுக்குச் சுமார் 2.3 டன், 45° என்றால் 2.8, 30° என்றால் முழு 4 டன். ஷாக்கிளில் (ஸ்லிங்கைச் சரக்கோடு இணைக்கும் U வடிவ வளையம்) நட்டும் ஸ்பிளிட் பின்னும் உள்ளதையே வாங்குங்கள். வெறும் ஸ்க்ரூ பின் அதிர்வில் கழன்றுவிடும்.

படி 3: தூக்குவது. பலர் சறுக்குவது இங்கேதான். பூம் (கிரேனின் நீண்ட கை) நுனி சரக்குக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பூம் மேல்-கீழ் சுமைக்குக் கட்டியது, பக்கவாட்டு இழுப்பை அதிகம் தாங்காது. சரக்கு இன்னும் லேஷிங்கில் (டெக்கோடு பிணைத்த கட்டு) இருக்கிறதா, ஓரம் புல்வார்க்கில் (போட்டின் ஓரச் சுவர்) மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். போட் இறங்கும்போது மாட்டிக்கொண்டால் கிரேன் போட்டையே தூக்கப் பார்க்கும்!

போட் அலை உச்சிக்கு வரும்போது எடுத்து, தயங்காமல் வேகமாக ஏற்றுங்கள். டெக் கீழே போகப் போக இடைவெளி கூடும். பள்ளத்தில் எடுத்தால் ஏறிவரும் டெக் சரக்கை அடியில் மோதும், ஸ்லிங் தளரும், அடுத்த இறக்கத்தில் வெடுக்கென்று இழுபடும். அந்த இழுப்பு சரக்கின் எடையைவிடப் பல மடங்கு போகலாம்.

படி 4: டேக் லைன், அதாவது தொங்கும் சரக்கு சுழலாமல் பிடிக்கும் கயிறு. நுனியில் முடிச்சோ வளையமோ வேண்டாம், எதிலாவது சிக்கும். கையில் சுற்றவே கூடாது. சரக்கின் அடியில் ஆள் போக வேண்டிய நிலை வந்தால் கயிறு நீளம் போதவில்லை என்று அர்த்தம்.

பின்சேர்க்கை: ரேடியோ பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். சரக்கு டெக்கைவிட்டு உயர்ந்திருந்தால், போட்டுக்கு மேலே தொங்கவிடாமல் ஆபரேட்டர் அதைக் கடல் பக்கம் விலக்கி நிறுத்த வேண்டும். சிக்னல் மறுபடி கிடைக்கும்வரை அடுத்த அசைவு கிடையாது.