குருட்டுக் கண்ணை எங்கே திருப்புவது?

மூன்று பேர் ஒரே பைக்கில் வருகிறார்கள், ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் பார்த்துவிடுகிறார். பார்த்த கையோடு செல்போனை எடுத்துத் தடவ ஆரம்பிக்கிறார். 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்று ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான். அவர் நிஜமாகவே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தத் தொடர் பொருந்தாது.

இதைத் தமிழாக்கும்போது சிலர் 'கண்மூடித்தனமாக' என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. கண்மூடித்தனம் என்றால் யோசிக்காமல் செய்வது. காவலரோ நன்றாக யோசித்துத்தான் போனை எடுத்தார். 'குருட்டுக் கண்ணைத் திருப்பினார்' என்றும் படித்திருக்கிறேன். சிரிப்புதான் வந்தது. 'கண்டும் காணாமல் இருந்தார்' என்று நம்மிடமே அச்சாகப் பொருந்தும் தொடர் இருக்கிறதே! ஆங்கிலத்திலேயே எழுதுவதானால் 'ஐ' ஒருமையில்தான் வரும், அதன்பின் 'டு' வரும்.

அப்புறம் பிறப்புக் கதை. 1801 ஏப்ரல் 2, பிரிட்டிஷ் கடற்படைக்கும் டென்மார்க்குக்கும் நடந்த கோபன்ஹேகன் கடற்போர். சண்டையை நிறுத்தச் சொல்லி, பிரிட்டிஷ் படைக்குத் தலைமை வகித்த அட்மிரல் ஹைட் பார்க்கரின் கப்பலில் 39ஆம் எண் கொடிச் சிக்னல் ஏறுகிறது. 'எலிஃபன்ட்' கப்பலில் இருந்த அவருடைய துணைத் தளபதி நெல்சன், பக்கத்தில் நின்ற கேப்டன் ஃபோலியிடம், "எனக்கு ஒரு கண்தானே, சில சமயம் குருடனாக இருக்க எனக்கு உரிமை உண்டு" என்கிறார். தொலைநோக்கியைப் பார்வையற்ற வலது கண்ணில் வைத்து, "சிக்னல் எதுவும் தெரியவில்லையே" என்றாராம். தொலைநோக்கி விஷயத்தில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு, ஆனாலும் இந்தக் காட்சியை விட யாருக்கு மனசு வரும்?

தொடரே அன்றுதான் பிறந்தது என்பது மட்டும் சரியில்லை. நெல்சன் பிறந்தது 1758இல். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இது ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. கோபன்ஹேகன் அதைப் பிரபலமாக்கியது, அவ்வளவுதான்.

படம் வரைகிறவர்கள் நெல்சனுக்குக் கடற்கொள்ளைக்காரன் போல ஒரு கண்பட்டையையும் மாட்டிவிடுகிறார்கள். 1794இல் கோர்சிகா தீவின் கால்வி நகர முற்றுகையில், குண்டு விழுந்து தெறித்த மணலும் கல்லும் பட்டு அவருக்கு வலது கண்ணில் பார்வை போனது உண்மை. ஆனால் பட்டை கட்டியதில்லை. லண்டன் டிரஃபால்கர் சதுக்கச் சிலையிலும் பட்டை கிடையாது.

உத்தரவை மீறியதற்காக நெல்சன் தண்டனை வாங்கினார் என்றும் சிலர் கதையை முடிப்பார்கள். நடந்தது தலைகீழ்: பார்க்கரைத்தான் நாட்டுக்குத் திரும்ப அழைத்தார்கள். அவர் வகித்த தலைமை நெல்சன் கைக்கு வந்தது.