பழைய சுவிஸ் வாட்ச் வாங்கும்போது பெயரைக் கடைசியாகப் படியுங்கள்

கொங்கு நாட்டுப் பழைய குடும்பங்களின் பீரோவில் சுவிஸ் வாட்ச் ஒன்று கிடப்பது அதிசயமில்லை. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின. ஆலை முதலாளிகளும் பஞ்சு வியாபாரிகளும் பொள்ளாச்சி, கோபி பக்கத்துப் பெரிய பண்ணையக்காரர்களும் ஒமேகா, லாஞ்சின்ஸ், அரிதாக ரோலெக்ஸ் என்று கட்டினார்கள். அடுத்த நிலையில் இருந்தவர்களுக்கு ஃபேவர் லூபாவும் வெஸ்ட் எண்டும் இருந்தன. அப்பாருடைய வாட்ச் என்று இன்று பேரன்கள் விற்க எடுத்துவருபவற்றில் நல்லவையும் உண்டு, பாதி மாற்றப்பட்டவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய விரும்புபவர் டயலில் உள்ள பெயரை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. அந்த வாட்ச்சில் எளிதில் மாற்றக்கூடிய பாகம் டயல்தான்.

இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் அசல் உதிரிபாகம் கிடைப்பது அரிது. வேர்வையும் ஈரமும் டயலைக் கறுக்கச் செய்தபோது, ரிப்பேர் கடைக்காரர் அதைச் சுரண்டி, புதிதாக வர்ணம் பூசி, பெயரை அச்சிட்டுக் கொடுத்தார். அது ஏமாற்று அல்ல, வாடிக்கையாளர் கேட்டுப் பெற்ற சேவை. ஆனால் பிற்காலத்தில் அதே கைவேலை விற்பனைக்கென்றே நடக்கத் தொடங்கியது. பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துப் பளிச்சென்ற நிறத்தில் டயல் போட்டு இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் சரக்கை, உலகெங்கும் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே அழைக்கிறார்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். அசல் டயலின் எழுத்துகள் விளிம்பு கூர்மையாக, மை சற்றே மேடாக நிற்கும். மறுபடி அடித்ததில் எழுத்து தடித்தோ கலங்கியோ இருக்கும். நிமிடக் கோடுகள் எண்களின் நடுவில் வந்து முடிகின்றனவா, ஆறு மணிக்குக் கீழே ‘ஸ்விஸ்’ அல்லது ‘ஸ்விஸ் மேட்’ என்ற சிறு வரி இருக்கிறதா, ஒட்டியிருக்கும் உலோக மணிக்குறிகளின் ஓரத்தில் வர்ணம் ஏறியிருக்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். அறுபது வயதான வாட்ச்சின் டயல் நேற்று வாங்கியதுபோல் மின்னுவது மகிழ்ச்சிக்குரிய செய்தியல்ல. ஒரே சீராக மஞ்சள் பாய்ந்த, புள்ளி விழுந்த அசல் டயலுக்கே நான் கூடுதலாகக் கொடுப்பேன்; சந்தையும் பெரும்பாலும் அப்படித்தான் மதிக்கிறது.

இருட்டில் ஒளிரும் பூச்சும் வயதைச் சொல்லும். 1960களின் தொடக்கம் வரை ரேடியம் பயன்பட்டது. அதன் பிறகு 1990களின் இறுதி வரை டிரிட்டியம் பயன்பட்டது. டிரிட்டியம் டயல்களின் அடியில் பெரும்பாலும் டி என்ற ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 12 ஆண்டுகள் என்பதால், 1965ஆம் ஆண்டு வாட்ச் என்று சொல்லப்படுவது இரவு முழுவதும் பளீரென்று ஒளிர்ந்தால் அந்தப் பூச்சு பிற்காலத்தது. ரேடியத்தின் கதை வேறு: ஒளி அணைந்திருந்தாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது, ஏனெனில் அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அத்தகைய வாட்ச்சின் கண்ணாடியைக் கழற்றி முள்ளைச் சுரண்டிப் பார்க்கும் ஆர்வம் வேண்டாம். உதிரும் தூள் மூச்சில் போகும்.

அடுத்து, பின்மூடியைத் திறக்கச் சொல்ல வேண்டும். விற்பவர் தயங்கினால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். ஒமேகாவில் வரிசை எண் மிஷின் மேலேயே வெட்டப்பட்டிருக்கும். 1944 வாக்கில் ஒரு கோடியை எட்டிய அந்த எண், 1960களின் இறுதியில் மூன்று கோடியை நெருங்கியது. எனவே ஒன்றரைக் கோடி எண்ணுள்ள மிஷின் 1950களின் நடுவில் செய்யப்பட்டது. அதற்கு 1970களின் கேஸ், அதாவது வெளிக்கூடு, பொருந்தாது. 1950, 60களின் ஒமேகா மிஷின்கள் செம்பு நிறப் பூச்சுடன் இருக்கும் என்பதும் நல்ல அடையாளம். 1952இல் வந்த கான்ஸ்டலேஷன் என்றால் டயலில் ஒரு நட்சத்திரமும், பின்மூடியில் வானாய்வுக் கூடமும் எட்டு நட்சத்திரங்களும் இருக்க வேண்டும். அசல் பிளாஸ்டிக் கண்ணாடியின் நடுவில் லென்ஸுக்கு மட்டுமே தெரியும் அளவில் ஒமேகாவின் சின்னம் இருக்கும்; அது இல்லையென்றால் கண்ணாடி மாறியிருக்கிறது என்று மட்டுமே பொருள், வாட்ச்சை ஒதுக்க வேண்டியதில்லை.

பழைய ரோலெக்ஸ் ஓய்ஸ்டரில் செயினைக் கழற்றினால் 12 மணிப் பக்கக் கொம்புகளுக்கு (செயின் மாட்டும் நீட்சிகளுக்கு) இடையே மாடல் எண்ணும், 6 மணிப் பக்கம் வரிசை எண்ணும் தெரியும். டேட்ஜஸ்ட் 1945இலும் சப்மரைனர் 1953இலும் வந்தவை. அதற்கு முந்தைய ஆண்டைச் சொல்லி விற்பவரிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. லாஞ்சின்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: செயின்ட் இமியே ஊரில் உள்ள அந்த நிறுவனம் தன் பழைய பதிவேடுகளைப் பாதுகாத்து, வரிசை எண்ணைக் கொண்டு விவரம் தேடித் தருகிறது.

காகிதச் சான்றும் முற்றிலும் காப்பாற்றாது. 2021இல் ஜெனீவா ஏலத்தில் சான்றுடன் வந்து, 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் கொடுத்து ஒமேகா நிறுவனமே வாங்கிய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று 2023இல் தெரியவந்தது. ஒமேகா நிறுவனமே ஏமாந்த இடத்தில், ஒரு புகைப்படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புவது துணிச்சல் அல்ல.

கேஸ் பற்றி நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பட்டறைகள் நிறைந்த கோவையில் பஃபிங் மலிவு. நல்ல நோக்கத்தோடேயே பல கேஸ்களைத் தேய்த்துக் கெடுத்துவிட்டார்கள். கொம்புகளின் முனை மழுங்கி, பின்மூடி எழுத்து மங்கி, இருபுறமும் தடிப்பு வேறுபட்டால் உலோகம் போய்விட்டது என்று அறிக, அது திரும்பாது. 18 காரட் தங்கக் கேஸ் என்றால் பின்மூடியின் உட்புறம் 0.750 என்ற எண்ணும் சுவிஸ் அரசின் பெண் தலை முத்திரையும் தேட வேண்டும். ‘20 மைக்ரான்ஸ்’ என்றிருந்தால் அது முலாம். கோவையின் நகைக்கடைத் தெருவான ராஜ வீதிக்கு எடுத்துச் சென்று டச் (தங்கத்தின் தரம்) பார்ப்பதானால், உரைகல்லில் உரைக்க விடாமல், கதிர் மூலம் பார்க்கும் கருவியில் வைக்கச் சொல்லுங்கள்.

வாங்கிய வாட்ச்சுக்கு உடனே சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்கும் ஆசை இயல்பானது. ஆனால் உள்ளே எண்ணெய் காய்ந்திருந்தால் ஓட ஓடப் பற்சக்கரங்களின் அச்சு தேயும். முதலில் சர்வீஸ், பிறகே ஓட்டம். ரிப்பேர் கடையில் கொடுக்கும்போது டயலைத் தொடக் கூடாது, பழைய முள்ளைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, உள்ளே இருக்கும் எண்களைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நலம். சர்வீஸ் முடிந்த வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடங்கள் வேகமாக ஓடினால், ரிப்பேர்காரர்மேல் குறை சொல்வதற்கு முன் காந்தத்தைச் சந்தேகியுங்கள். மோட்டாரும் பம்ப்செட்டும் செய்யும் ஊரில், பட்டறை மேசையிலோ ஒலிபெருக்கிப் பெட்டியின் மேலோ ஒரு மாலை கிடந்தாலே உள்ளே இருக்கும் முடிபோல் மெல்லிய சுருள்வில்லில் காந்தம் ஏறி, அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அருகில் கொண்டுபோனால் திசைகாட்டியின் முள் அசையும். காந்தம் நீக்கும் சிறு கருவி பெரும்பாலான வாட்ச் கடைகளில் உண்டு. வேலை ஒரு நிமிடம்தான்.

பழகத் தொடங்குபவர்கள் ரோலெக்ஸில் கைவைக்க வேண்டியதில்லை. நாலு எச்எம்டியும் ஒரு வெஸ்ட் எண்ட் சோவாரும் வாங்கித் திறந்து பாருங்கள். அசல் அச்சுக்கும் மறு அச்சுக்கும் உள்ள வேறுபாடு அவற்றில் அவ்வளவு துலக்கமாகத் தெரியும். தவறினாலும் நட்டம் சிறிது.