விஞ்ஞானப் புனைகதையும் சாகசக் கதையும் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் குறும்படம், தொலைக்காட்சித் தொடர், கணினி விளையாட்டு என்று முயன்றுவரும் இளையோர் எழுதிய கதைச் சுருக்கங்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். கற்பனைக்கு அவர்களிடம் குறைவில்லை. ஆனால், கதைக்குள் ஒரு புதுமையைக் கொண்டுவந்துவிட்டு, அதனால் வரும் இடைஞ்சல்களை மறந்துவிடுவது திரும்பத் திரும்ப நேரும் தவறாக இருக்கிறது. சாகசம் பிறப்பதே அந்த இடைஞ்சல்களில்தான்.

ஒரு கதையில், கோணமலை அடிவாரக் கடலில் சுழியோடும் நாயகன் 30 மீற்றர் ஆழத்திலிருந்து புதையலை எடுத்துக்கொண்டு பத்துச் செக்கனில் மேலே வந்து, படகில் ஏறிச் சண்டையிடுகிறான். நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுவதால், அவன் இருந்த ஆழத்தில் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதைப் போல நான்கு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால், அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சை விட்டுக்கொண்டே வந்தாலும், நெடுநேரம் கீழே இருந்தவனின் உடலில் கரைந்த நைதரசன் குமிழிகளாகி மூட்டுகளையும் முண்ணாணையும் தாக்கக்கூடும். அதனால்தான் சுழியோடிகள் மெதுவாக ஏறி, 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடமாவது தரித்து நிற்கிறார்கள். எதிரியின் படகு தலைக்கு மேலே நிற்க, சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே போக, அந்த மூன்று நிமிடத்தையும் அவன் அசையாமல் கழிப்பதாகக் காட்டினால், அதைவிட நல்ல சண்டைக்காட்சி வேறு வேண்டுமா? இன்னொன்று, கடலடியில் சிவப்பு நிறமே முதலில் மறைகிறது. 20 மீற்றர் ஆழத்தில் முருகைக்கல் விரலைக் கீறினால், கையில் விளக்கு இல்லாதபோது, கசியும் குருதி பச்சை கலந்த கருமையாகத்தான் தெரியும்.

வெற்றிடத்தில் ஒலி பரவாது என்றாலும், விண்வெளியில் வெடியோசை கேட்பதற்கு நாம் பழகிவிட்டோம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். செவ்வாயில் இருக்கும் தாயும் பூமியில் இருக்கும் மகளும் எதிரெதிரே அமர்ந்தவர்கள்போல் உரையாடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. வானொலி அலை ஒரு வழி செல்வதற்கே, கோள்களின் நிலையைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை எடுக்கும். மகளின் கேள்வி போய்ச் சேரும்போது தாய் உயிரோடு இல்லாமலும் போகலாம். இப்படியொரு வாய்ப்பை யாராவது வீணாக்குவார்களா?

இடத்தை அலட்சியம் செய்வதும் தவறே. 1956இல் கோணமலையை அடுத்த கடலில் சுழியோடிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்களுள் ஒருவரான ஆதர் சி. கிளார்க், 1979இல் வெளியான தமது நாவலில், விண்வெளிக்கு மின்தூக்கி அமைக்க இலங்கையை ஒத்த தீவொன்றைத் தேர்ந்தார். அத்தகைய மின்தூக்கி, மத்தியகோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் புவியோடு ஒத்துச் சுழலும் பாதையை நம்பியே நிற்க வேண்டும். இலங்கையோ அக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. அவர் விதியை வளைக்காமல், தீவையே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, அதை நூலிலேயே வாசகருக்குச் சொல்லியும்விட்டார். கன்னியா வெந்நீரூற்றின் அடியில் எரிமலை குமுறுவதாக எழுதுவோர் இந்த நேர்மையைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலை இல்லை. நிலத்தின் ஆழத்தில் சூடேறிப் பாறை வெடிப்புகள் வழியே மேலே வரும் நீர்தான் அது.

ஓர் ஊடகத்துக்கு எழுதியதை அப்படியே மற்றொன்றுக்கு மாற்றுவோரும் சறுக்குகிறார்கள். இரண்டு மணி நேரத் திரைப்படம் சிறு ஓட்டைகளைத் தன் வேகத்தால் கடந்துவிடும். தொலைக்காட்சித் தொடரில், மூன்றாம் வாரம் இறந்தவனை எழுப்பிய கருவி பத்தாம் வாரம் ஏன் பயன்படவில்லை என்று வீட்டிலுள்ள சிறுவனே கேட்பான். விளையாட்டில் சோதனை இன்னும் கடுமையானது. ஆடுபவர் அதே கடலில் நூறு முறை குதிப்பார், வேண்டுமென்றே விரைந்து மேலெழுந்தும் பார்ப்பார். ஒரு முறையாவது தீங்கின்றித் தப்பிவிட்டால், 5 மீற்றரில் காத்திருக்கும் அந்த மூன்று நிமிடமும் அவருக்கு வெறும் தாமதமாகிவிடும்.