ஜீப்ரா மீன் முட்டை போட்டாச்சு, குஞ்சு எங்கே?

கப்பி மீன் வளர்த்துப் பழகியவர்கள் அடுத்து ஜீப்ரா டேனியோவுக்கு வருவார்கள், வந்ததும் தடுமாறுவார்கள். கப்பி குட்டி போடும், அது நீந்துவதைக் கண்ணால் பார்க்கலாம். ஜீப்ராவோ முட்டையை இறைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், அதுவும் விடிந்து வெளிச்சம் பட்ட கொஞ்ச நேரத்திலேயே, நீங்கள் எழுந்து காபி குடித்துவிட்டு வருவதற்குள் முட்டையில் பாதி பெற்றவர்கள் வயிற்றுக்குள் போயிருக்கும். "எங்கள் வீட்டு மீன் முட்டையே போடுவதில்லை" என்று புலம்புகிறவர்களில் பலர் வீட்டில் நடப்பது இதுதான்.

ஆகவே வெறும் தரையுள்ள தொட்டியில் ஜோடியை விடாதீர்கள். முட்டை சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், எதிலும் ஒட்டாது, நேராக அடிக்குப் போகும். அடியில் கோலிக்குண்டை இரண்டு அடுக்காகப் பரப்பிவிட்டால் இடுக்கில் விழுந்ததை மீனால் எடுக்க முடியாது. தண்ணீர் அரை அடி போதும். ஆழம் கூடினால் முட்டை கீழே இறங்கும் வழியிலேயே மீன் அதை விழுங்கிவிடும். முட்டை போட்டு முடித்த கையோடு பெரிய மீன்களை வெளியே எடுத்துவிடுங்கள், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட அன்றைக்கு எனக்குக் கோலிக்குண்டு மட்டும்தான் மிஞ்சியது.

ஆணும் பெண்ணும் எப்போதும் ஒன்றாகவே இருந்தால் பெண் கொஞ்சம் கொஞ்சமாக முட்டை போட்டுத் தீர்த்துவிடும். ஒரு வாரம் பிரித்து வைத்து, கொசுப்புழு மாதிரி உயிருள்ள தீனி கொடுத்து, பெண்ணுக்கு வயிறு உப்பிய பிறகு ஒரு சாயங்காலம் சேர்த்து விடுங்கள்.

இதையே கோல்ட்ஃபிஷ்ஷுக்கும் செய்யாதீர்கள். அதன் முட்டை ஒட்டும், செடியோ நைலான் நூல் கற்றையோ வேண்டும். நியான் டெட்ரா முட்டைக்கு வெளிச்சம் ஆகாது, உப்பேறிய போர் தண்ணீரும் ஆகாது. முதல் முயற்சிக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சரி, முட்டை தப்பிவிட்டது. 28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். வெள்ளையாக மாறியது செத்த முட்டை, பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும், டிராப்பரால் எடுத்துவிடுங்கள். பொரித்த குஞ்சு நீந்தாமல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பயம் வேண்டாம், தீனியும் வேண்டாம், அதன் வயிற்றிலுள்ள மஞ்சள்கரு தீரும்வரை அதுவே சாப்பாடு. இந்த நேரத்தில் அவசரப்பட்டு அவித்த கோழிமுட்டை மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். மஞ்சள்கரு கெட்ட தீனி இல்லை, ஆனால் மிஞ்சியது அடியில் அழுகி ஒரே இரவில் தொட்டி முழுவதையும் கொன்றுவிடும். நீந்தத் தொடங்கியதும் இன்ஃபுசோரியா என்கிற தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள், கொஞ்சம் வளர்ந்தபின் அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா என்கிற குட்டி உப்புநீர் இறால், அவ்வளவு போதும்.

மோட்டார் வைத்த ஃபில்டர் குஞ்சை உறிஞ்சிவிடும், ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் வேண்டும். அப்புறம், தண்ணீர் மாற்ற மெல்லிய ஏர் ட்யூப்பால் உறிஞ்சி வெள்ளை பக்கெட்டில் பிடியுங்கள். கொட்டுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள், நாலைந்து குஞ்சாவது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.