மேற்குச் சுவருக்கு நீலம் வேண்டாம்

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கு மேற்குப் பக்கம் மறைப்பே கிடையாது. போன தடவை பெயிண்ட் அடிக்கும்போது ஷேடு கார்டை, அதாவது நிற மாதிரி அட்டையைப் பார்த்து ஆசைப்பட்டு அடர் நீலம் அடித்தோம். சேலம் வெயிலில் இரண்டே வருஷத்தில் வெளுத்து, சுவரைத் தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டியது. இந்த முறை வெளிர் சந்தனம்.

கார்டை மட்டும் நம்பாதீர்கள். சின்ன டப்பா வாங்கி, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலையிலும் மத்தியானத்திலும் ராத்திரி லைட்டிலும் பாருங்கள். கடையில் கிரீமாகத் தெரிந்தது எங்கள் ஹாலில் பச்சையடித்தது.

சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) இருந்தால் முதலில் ஒழுகலைச் சரி செய்யுங்கள். ஏற்காட்டில் அக்கா வீட்டில் அப்படியே மேலே அடித்தார்கள். அடுத்த மழையில் கரும்பூஞ்சை எட்டிப் பார்த்தது.

அப்புறம் பெயிண்டர். சதுர அடிக் கூலியா, பொருளோடு சேர்த்தா? எத்தனை கோட்டு? பட்டி (சுவரை மட்டமாக்கும் பூச்சு), பிரைமர் (அடிப்பூச்சு), உப்புத்தாள் தேய்ப்பு, சாரம், ஜன்னல் கம்பி எல்லாம் அடக்கமா? எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்களிடம் முன்பு வந்தவர் ஜன்னலுக்குத் தனியாகக் கேட்டார். எழுத்தில் இல்லாததால் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. முன்பணம் கொஞ்சமாகக் கொடுங்கள், மீதியை வேலை நகர நகரக் கொடுக்கலாம்.

பெயிண்டை நாமே வாங்குவது நல்லது. சில பக்கெட்டுகளில் பெயிண்டருக்கென்று பரிசு டோக்கன் இருக்கும். அதை அவரிடமே கொடுத்துவிடுங்கள், முகம் மலர்ந்துவிடும். பொங்கலுக்கு முன்னால் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாங்கள் மாசியில் வைத்துக்கொண்டோம். மிச்சமான டப்பா மூடியில் ஷேடு நம்பரை எழுதிப் பரணில் போட்டிருக்கிறேன்.